கடலோரச் சின்னக் கல்லூரியில் மாணவர் பேரவையும் ஆசிரியர் அவையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் கடற்கரையை ஒட்டிய ஒரு சிறிய கலை அறிவியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். பல வருடங்களாக மாணவர் பேரவைக்குப் பொறுப்பாசிரியராகவும் இருக்கிறேன். ஒவ்வொரு ஜூலையிலும் முதலாமாண்டுப் பிள்ளைகள் ஒரே மாதிரியான கேள்விகளோடு வருகிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்களும் ஸ்டாஃப் ரூமில் குரலைத் தாழ்த்தி அவற்றையேதான் கேட்கிறார்கள். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்தச் சின்னக் கல்லூரியில் படித்தாலும் உதவும் என்று நினைத்து இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் கல்லூரியில் மாணவர் பேரவை இருக்கிறதா என்றே தெரியவில்லை. எப்படித் தெரிந்துகொள்வது?

காலேஜ் காலண்டரின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். குழுக்களின் பட்டியல் பெரும்பாலும் அங்கேதான் அச்சாகியிருக்கும். பேரவைத் தலைவர், செயலர் என்று பெயர் போட்டிருந்தால் அவர்களைத் தேடிப் போய், கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது என்று கேளுங்கள். பதவியேற்பு விழாவில் பேட்ஜ் குத்தியதோடு சரி என்று பதில் வந்தால், உங்கள் கல்லூரியில் பேரவை பெயரளவில்தான் இருக்கிறது.

கல்லூரியில் எதை யார் முடிவு செய்கிறார்கள்? யாரிடம் போய்க் கேட்பது?

இது தெரியாமல் அலைந்தே பாதிப் பிள்ளைகள் சோர்ந்துபோகிறார்கள். பாடத்திட்டம், செமஸ்டர் தேர்வுத் தேதி, தேர்வுக் கட்டணம், மதிப்பெண் பட்டியல் எல்லாம் பல்கலைக்கழகத்தின் கையில். நம் மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருப்பவை. தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் பாடத்திட்டக் குழு, கல்விக் குழு எல்லாம் கல்லூரிக்குள்ளேயே கூடும். அங்கே கேட்டால் பாடத்தைக்கூட மாற்ற முடியும்.

ஆசிரியர் பணியிடமும் கட்டடமும் அரசுக் கல்லூரி என்றால் கல்லூரிக் கல்வி இயக்ககத்தைச் சேர்ந்த விஷயம். தனியார் கல்லூரியில் நிர்வாகம் பார்த்துக்கொள்ளும். 1976ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 'கல்லூரிக் குழு' என்று சொல்வது இந்த நிர்வாகத்தைத்தான். அந்தக் குழுவின் சார்பில் கையெழுத்துப் போடுபவர் செயலர்.

மிச்சமிருப்பதுதான் அன்றாடம் நம்மைத் தொடுவது. டைம்டேபிள், கல்லூரியே நடத்தும் இன்டர்னல் தேர்வின் தேதி, லைப்ரரி திறக்கும் நேரம், கேன்டீன், கழிப்பறை, குடிதண்ணீர் எல்லாவற்றையும் பிரின்சிபாலும் துறைத் தலைவர்கள் உட்காரும் காலேஜ் கவுன்சிலும் பேசி முடிக்கலாம். செமஸ்டர் தேதியை மாற்றச் சொல்லி பிரின்சிபால் அறை வாசலில் உட்கார்ந்தால் பலன் இல்லை. இன்டர்னல் தேதியை மாற்ற அவருடைய ஒரு கையெழுத்துப் போதும். போர்வெல் தண்ணீர் உப்புக் கரித்தால் ஆர்.ஓ. மெஷின் கேட்டு எழுத வேண்டியதும் அவருக்குத்தான்.

பஸ் நேரம் கல்லூரியின் கையில் இல்லை. போக்குவரத்துக் கழக டிப்போவின் கிளை மேலாளருக்கு மனு கொடுங்கள். அதோடு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் ஒன்று கொடுங்கள். பேரவையின் லெட்டர்பேடில், ஏறும் நிறுத்தம் வாரியாகப் பிள்ளைகளின் எண்ணிக்கை எழுதிக் கொடுத்த மனுவுக்குத் தனி மதிப்பு இருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

காலேஜ் கவுன்சில் கூட்டத்தில் மாணவர் உட்காரலாமா?

வழக்கமாக இல்லை. அது ஆசிரியர்களின் அவை. ஆனால் மாணவருக்கு விதிப்படியே இடம் உள்ள குழுக்கள் கல்லூரிக்குள் பல இருக்கின்றன. நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே இதுதான். புதிதாக எதற்கும் போராட வேண்டியதில்லை. ஏற்கெனவே போட்டு வைத்திருக்கும் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன, அல்லது அதில் யார் பெயர் இருக்கிறது என்று அந்தப் பெயருக்கு உரியவருக்கே தெரிவதில்லை.

முதலாவது, ராகிங் தடுப்புக் குழு. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2009ஆம் ஆண்டு விதிமுறைப்படி இதில் முதலாமாண்டு மாணவர், சீனியர் மாணவர் இரு தரப்பும் இருக்க வேண்டும். பெற்றோர் தரப்பும் காவல் துறையும் உண்டு. தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடை செய்யும் சட்டம் 1997லேயே வந்துவிட்டது.

இரண்டாவது, பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு. இதற்கென யு.ஜி.சி.யின் 2015ஆம் ஆண்டு விதிமுறை இருக்கிறது. தலைவர் ஒரு மூத்த பெண் ஆசிரியர். வெளியிலிருந்தும் ஓர் உறுப்பினர் வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மூன்று மாணவப் பிரதிநிதிகள் உட்கார வேண்டும். அந்த மூவரும் வெளிப்படையான முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. துறைத் தலைவர் தனக்குப் பிடித்த பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுப்பது தேர்வாகாது. இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நம்பி வந்து சொல்லும் பெண்ணுக்கு முன்னால் அவளுடைய வகுப்புத் தோழிகள் தேர்ந்தெடுத்த ஒருத்தி உட்கார்ந்திருப்பதும், நிர்வாகம் அனுப்பிய ஒருத்தி உட்கார்ந்திருப்பதும் ஒன்றாகாது.

மூன்றாவது, மாணவர் குறைதீர்க் குழு. 2023 ஏப்ரலில் வந்த யு.ஜி.சி. விதிமுறைப்படி இதில் ஒரு மாணவர் சிறப்பு அழைப்பாளராக இருப்பார். அவரைப் படிப்பு, விளையாட்டு, கலை போன்றவற்றில் உள்ள தகுதி பார்த்து நியமிப்பார்கள். ஆசிரியர் உறுப்பினர்களின் காலம் இரண்டு வருடம், மாணவருக்கு ஒரு வருடம்தான். கோரம், அதாவது கூட்டம் நடக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, அந்தக் கணக்கிலும் மாணவர் சேர மாட்டார். இதில் எனக்கு வருத்தம் உண்டு. இருந்தாலும் கூட்டத்தில் வாய் திறந்து பேச அவருக்குத் தடை இல்லை, பேசியதைக் குறிப்பில் ஏற்றச் சொல்லவும் தடை இல்லை.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு நாக். அதன் மதிப்பீட்டுக்காகக் கல்லூரிகள் நடத்தும் உள் தர உறுதிப் பிரிவிலும் மாணவர் ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் உண்டு. நாக் குழு வரும் வாரம் மட்டும் கூப்பிட்டுப் புகைப்படம் எடுக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மற்ற மாதங்களிலும் கூட்ட அறிவிப்பு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

பேரவைக்குத் தேர்தல் நடத்தியே ஆக வேண்டுமா?

உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையில் ஒரு குழு அமைந்தது. கேரளத்துக் கல்லூரித் தேர்தல் வழக்கில் வந்த உத்தரவு அது. 2006 மே மாதம் குழு அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று அந்தப் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்த நீதிமன்றம் உத்தரவிட்டது. கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் மாணவர் பிரதிநிதிகளைத் தேர்தல் மூலம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. சூழ்நிலை சரியில்லாத இடங்களில் மட்டும் தற்காலிகமாக நியமன முறை வைத்துக்கொள்ளலாம். ஐந்து வருடத்துக்குள் தேர்தலுக்கு மாற வேண்டும் என்றது.

நம் பக்கம் பல கல்லூரிகளில் நியமனம்தான் நடக்கிறது. முதல் மார்க் வாங்கும் பிள்ளையைத் தலைவராகப் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் யாருக்காகப் பேச வேண்டும் என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடிவதில்லை, ஏனென்றால் அவர்களை யாரும் அனுப்பி வைக்கவில்லை.

"தேர்தல் வைத்தால் அடிதடி வரும்" என்று நிர்வாகம் பயப்படுவது எனக்குப் புரிகிறது. நம் மாவட்டம் பழைய காயங்கள் உள்ள மாவட்டம். ஆனால் இதே கரையில் ராமேஸ்வரத்து மீனவர்களைப் பாருங்கள். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு என்று பிரித்து வைத்துக் கடலுக்குப் போகிறார்கள். வலை அறுந்து, சண்டை வந்து, உட்கார்ந்து பேசி உருவான ஏற்பாடு அது. பிழைப்பே பணயமாக இருக்கும் கடலில் அவர்களால் முறை வைத்துக்கொள்ள முடிகிறது என்றால், ஆறு துறை உள்ள கல்லூரியில் நம் பிள்ளைகளால் முடியாதா?

சின்னக் கல்லூரியில் தேர்தலை எப்படி நடத்துவது?

எங்கள் முறையைச் சொல்கிறேன். முதலில் ஒவ்வொரு வகுப்பும் இரண்டு பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும். இருபாலர் வகுப்பில் ஒரு பெண், ஓர் ஆண். பிறகு அந்தப் பிரதிநிதிகள் கூடித் தலைவர், செயலர், பொருளாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். கல்லூரி தொடங்கிய ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தேர்தல், வேட்புமனுவிலிருந்து முடிவு வரை மொத்தமே பத்து நாள் என்பது லிங்டோ குழு சொன்ன கணக்கு. நாங்கள் ஆகஸ்டிலேயே முடித்துவிடுவோம். அதற்குப் பிறகு தள்ளினால் இன்டர்னல் வரும், அடுத்து ஐப்பசி மழை வரும், நவம்பரில் செமஸ்டர் வந்துவிடும்.

ஓட்டுப் பெட்டி, விடைத்தாள் வந்த அட்டைப்பெட்டிதான். மேலே பிளேடால் கீறி, சணல் சுற்றி, தேர்வுப் பிரிவில் கட்டுகளுக்கு வைக்கும் சிவப்பு அரக்கை மெழுகுவர்த்தியில் உருக்கி முத்திரை வைப்போம். எண்ணுவது கெமிஸ்ட்ரி லேபில். ஜன்னல்களைத் திறந்தே வைப்போம், வெளியே நின்று எல்லாரும் பார்க்கலாம். கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் சீட்டுகள்மேல் பியூரெட் ஸ்டாண்டின் இரும்பு அடித்தட்டை எடுத்து வைத்துத்தான் எண்ண வேண்டியிருக்கும்.

ஒரு வருடம் செயலர் பதவிக்கு இரண்டு பேருக்கும் சமமான ஓட்டு. மூன்று முறை எண்ணினோம். ஒரு சீட்டில் டிக் இரண்டு பெயருக்கும் நடுவே கோட்டின் மேலேயே விழுந்திருந்தது. பையனும் பெண்ணும் அந்தச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து மாறி மாறிப் பார்த்தார்கள். "இது செல்லாது மேடம்" என்று முதலில் சொன்னவன் அந்தப் பையன். அந்த டிக்கின் நுனி அவன் பெயர்ப் பக்கம்தான் சாய்ந்திருந்தது. இருவரும் சீட்டின் பின்னால் கையெழுத்துப் போட்ட பிறகு குலுக்கிப் போட்டோம். பெண் ஜெயித்தாள். பையன் கேன்டீன் குழுவுக்கு வந்து, அந்த வருடம் முழுக்க விலைப்பட்டியலைச் சுவரில் ஒட்ட வைத்தான்.

போட்டியிட என்ன தகுதி வேண்டும்?

முழுநேர மாணவராக இருக்க வேண்டும். இளநிலைக்கு வயது 17 முதல் 22. போட்டியிடும் ஆண்டில் அரியர் கூடாது. வருகைப்பதிவு பல்கலைக்கழகம் சொல்லும் அளவு அல்லது 75 சதவீதம், இதில் எது அதிகமோ அது. குற்றவழக்கில் விசாரணையோ தண்டனையோ, கல்லூரியில் ஒழுங்கு நடவடிக்கையோ இருக்கக் கூடாது. பொறுப்பாளர் பதவிக்கு ஒரு முறைதான் நிற்கலாம். செயற்குழு உறுப்பினருக்கு இரண்டு முறை.

வருகைப்பதிவு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பாசி எடுக்கும் அம்மாவோடு கடலுக்குள் இறங்கிவிட்டு, பத்து மணிக்கு ஈரத் தலையோடு வகுப்புக்கு வரும் பெண்கள் எங்களிடம் படிக்கிறார்கள். முதல் ஹவர் போய்விட்டிருக்கும். கல்லூரியைப் பற்றிச் சொல்ல அவர்களிடம்தான் நிறைய இருக்கிறது, விதி தள்ளி வைப்பதும் அவர்களைத்தான். விதியை என்னால் மாற்ற முடியாது. ஆகவே வகுப்பு ஆசிரியர்கள் மாதா மாதம் வருகைப்பதிவைக் கணக்குப் பார்த்து, இறங்கும் பிள்ளைக்கு அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று கவுன்சிலில் கேட்டு வாங்கினேன். பேரவைக் கூட்டத்துக்கு வரும் நேரத்துக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, வகுப்புக்கு வந்ததாகவே கணக்கு) உண்டு என்பதையும் எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். நீங்களும் வாங்குங்கள்.

செலவு?

ஒரு வேட்பாளருக்கு உச்சவரம்பு 5,000 ரூபாய். முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியது மட்டும்தான். மைக் செட், வண்டி ஊர்வலம் எதுவும் கிடையாது. எங்களிடம் யாரும் சார்ட் பேப்பருக்கும் ஸ்கெட்ச் பேனாவுக்கும் மேல் செலவு செய்ததில்லை.

நான் ஒரு மாணவர் அமைப்பில் உறுப்பினர். நிற்கலாமா?

கல்லூரிக்கு வெளியே எந்த அமைப்பில் இருப்பதும் உங்கள் உரிமை. 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பார்த்த தமிழ்நாட்டில் மாணவருக்கு அரசியல் ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பேரவைத் தேர்தலில் கட்சிக் கொடி, கட்சிப் பணம், வெளியாள் மூன்றும் கூடாது. கல்லூரியில் பெயர் இல்லாத எவரும் எந்த வகையிலும் கலந்துகொள்ளக் கூடாது என்பது லிங்டோ விதி.

சாதி பார்த்துத்தானே ஓட்டுப் போடுவார்கள்?

சிலர் போடுவார்கள். அதற்காகத் தேர்தலே வேண்டாம் என்பது, பார்க்கப் பயந்து புண்ணை மூடி வைப்பது போல. சாதி, மத உணர்வைத் தூண்டி ஓட்டுக் கேட்கக் கூடாது, வழிபாட்டுத் தலத்தைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நடத்தை விதி தெளிவாகச் சொல்கிறது. மணிக்கட்டில் கயிற்றின் நிறம் பார்த்து உட்காரும் பெஞ்சை முடிவு செய்யும் பழக்கத்தோடு சில பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருகிறார்கள். அதை முதல் வாரமே பேசிவிட வேண்டும், திட்டாமல் பேச வேண்டும். எங்கள் வகுப்புப் பிரதிநிதித் தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவரும் வகுப்பின் முன் நின்று, தான் செய்யப்போகும் ஒரே ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவேன் என்று ஒருத்தி சொன்னால், அந்தக் கதவு எல்லாருக்கும் பொதுவானது. பேச்சு அங்கே திரும்பும்போது ஓட்டும் கொஞ்சம் திரும்புகிறது. நான் பார்த்த அளவில், முழுக்க இல்லாவிட்டாலும் திரும்புகிறது.

நான் நிற்க வீட்டில் விட மாட்டார்கள். என்ன செய்வது?

பெண் பிள்ளைகள் அதிகம் கேட்கும் கேள்வி இது. வீட்டாரின் பயம் பெரும்பாலும் மூன்றுதான்: நேரமாகிவிடும், பெயர் வெளியே வரும், போட்டோ சுற்றும். மூன்றுக்கும் கல்லூரி பதில் சொல்ல முடியும். எங்கள் கூட்டம் கல்லூரி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும், யாருக்கும் பஸ் தவறாது. ஃபிளெக்ஸ் போர்டு கிடையாது. போட்டோவை யாரும் ஸ்டேட்டஸில் போடக் கூடாது என்று தீர்மானமே இருக்கிறது. கீழக்கரைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியின் வாப்பா நேரில் வந்து, "என் மக அங்க உட்கார்ந்து என்ன பேசுவா?" என்று கேட்டார். தீர்மானப் புத்தகத்தையே எடுத்துக் கொடுத்தேன். குடிதண்ணீர், லைப்ரரி நேரம், ஸ்காலர்ஷிப் விண்ணப்பத் தேதி என்று இருந்த நாலைந்து பக்கங்களையும் நிதானமாகப் படித்துவிட்டு, "இதானா, நல்லாப் பேசட்டும்" என்றார்.

ஆசிரியர்களுக்குள் யார் பேசலாம்? கௌரவ விரிவுரையாளர்களுக்கு இடம் உண்டா?

கவுன்சிலில் துறைத் தலைவர்கள். அதற்கு அப்பால் எல்லா ஆசிரியரும் கூடும் ஸ்டாஃப் மீட்டிங். ஊதியம், பணிப் பாதுகாப்பு போன்றவற்றுக்குச் சங்கங்கள் இருக்கின்றன. தென் மாவட்டங்களில் மூட்டா என்ற கல்லூரி ஆசிரியர் சங்கம் பழைய பெயர். கௌரவ விரிவுரையாளர்கள் அதிக வகுப்பு எடுக்கும் துறைகளில்கூட அவர்களுக்குக் கூட்டச் சுற்றறிக்கை வராமல் போவதுண்டு. பிள்ளைகளோடு நாள் முழுக்க இருப்பவர்களின் வார்த்தை கூட்டத்துக்கு வராவிட்டால் அந்தக் கூட்டத்துக்குப் பாதிக் கண்தான். எங்கள் கல்லூரியில் ஒரு துறைத் தலைவர் கேட்டு, இப்போது அவர்களில் இருவரை முறை வைத்துக் கூப்பிடுகிறோம். அதற்கு எந்த அரசாணையும் தேவைப்படவில்லை.

கேட்டோம், பதிலே இல்லை. அடுத்து?

வாய்ச்சொல்லை விட்டுவிட்டு மனுவாக எழுதுங்கள். நகலில் ஆபீஸ் சீலும் தேதியும் வாங்குங்கள். குறைதீர்க் குழு 15 வேலை நாளுக்குள் தன் அறிக்கையைக் கொடுக்க வேண்டும். திருப்தி இல்லை என்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓம்புட்ஸ்பர்சன் என்று கேட்டால் ஆபீஸில் புரியும். அவருக்கு 30 நாள் கெடு. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்: 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய விண்ணப்பம், 30 நாளில் பதில்.

ராகிங், பாலியல் தொல்லை என்றால் இந்த வரிசைக்குக் காத்திருக்காதீர்கள். ராகிங்குக்கு 1800 180 5522 என்ற இலவச எண் எந்நேரமும் உண்டு. மற்றதற்கு உள்ளகப் புகார்க் குழுவின் தலைவரை நேராகப் பாருங்கள். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

தீர்மானப் புத்தகம் என்கிறீர்களே, அது என்ன? எதற்கு அவ்வளவு முக்கியம்?

நீள நோட்டு, பக்க எண் போட்டது. கூட்டத் தேதி, வந்தவர் கையெழுத்து, பேசியது, முடிவு, யார் எந்தத் தேதிக்குள் செய்வது. இவ்வளவுதான். எங்களுடையது லைப்ரரி கவுன்டரில் இருக்கும். எந்த மாணவரும் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.

நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கல்லூரி திறந்து ஃபீஸ் கேட்பது ஜூனில். மண்டபம் பக்கத்திலிருந்து வரும் ஒரு இரண்டாமாண்டு மாணவி பேரவைக் கூட்டத்தில் எழுந்து, "மேடம், போட்டு ரெண்டு மாசமா கரையிலதான் கிடக்கு. இறங்கின முதல் வாரத்து மீனு டீசல் கடனுக்கே போயிரும். ஜூன்ல ஃபீஸ் கேட்டா வட்டிக்குத்தான் வாங்கணும்" என்றாள். அறையில் யாரும் பேசவில்லை. எங்களுக்கெல்லாம் தடைக்காலம் தெரியும், ஃபீஸ் தேதியும் தெரியும். இரண்டையும் ஒன்றாக வைத்து யோசித்தவர்கள் எங்களில் இல்லை. இரண்டு தவணை, முதல் தவணைக்கு ஜூலை கடைசி என்று தீர்மானம் எழுதி நிர்வாகத்துக்கு அனுப்பினோம். ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் ஆபீஸில் ஆள் மாறியிருந்தது. பழையபடி ஜூன் தேதி போட்டு நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அந்தப் பெண் லைப்ரரிக்குப் போய் நோட்டை வாங்கி, பக்கத்தில் பஸ் டிக்கெட்டை அடையாளமாகச் செருகி, நிர்வாகச் செயலரின் மேஜையில் கொண்டுபோய் விரித்து வைத்தாள். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கீழே இருந்த தன் கையெழுத்து வரை படித்தார். மத்தியானத்துக்குள் புது நோட்டீஸ் ஒட்டியாயிற்று.